உயிர்காப்பு மிதவை: சர்வீஸ் நாளில் கூடவே இருங்கள்

புனேயின் கராடியில் வீடும் வேலையும், மும்பைத் துறைமுகத்தில் படகு. நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு பாய்மரப் படகில் பங்கு வாங்கி, சனி ஞாயிறுகளில் மட்டும் கடலுக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். சென்னையிலோ கொச்சியிலோ படகு வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும். ஆனால் படகிலிருந்து சாலைவழியே 150 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பவருக்குச் சில கூடுதல் கவலைகள் உண்டு. படகைத் தினமும் பார்க்க முடியாது. மிதவையை மலைப்பாதையில் காரில் கொண்டு போக வேண்டும். மழைக்காலம் முழுக்க அதை எங்கே வைப்பது என்ற கேள்வியும் இருக்கிறது.

பாயில் கிழிசல் இருந்தால் கண்ணில் படும். எஞ்சினில் கோளாறு இருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். லைஃப்ராஃப்ட் என்று நாம் சொல்லும் உயிர்காப்பு மிதவை அப்படியல்ல. பெட்டிக்குள்ளோ பைக்குள்ளோ மடங்கிக் கிடக்கும். உள்ளே பசை விட்டுப்போயிருக்கலாம், சிலிண்டரில் வாயு கசிந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் தெரியாது. இயக்கிப் பார்க்கவும் வழியில்லை. ஒருமுறை கயிற்றை இழுத்து ஊதவிட்டால், மறுபடி நிலையத்துக்குப் போய் வாயு நிரப்பி மடித்து அடைத்தால்தான் உதவும். ஆகவே மிதவைக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் பார்க்கக்கூடிய ஒரே நாள் சர்வீஸ் நாள். அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், அதைச் செய்யுங்கள்.

முதலில், உங்களிடம் இருப்பது எது?

மிதவைகள் இரண்டு விதமாக வருகின்றன. ஒன்று கடினமான ஃபைபர் பெட்டியில் அடைத்தது. மேல்தளத்தில் தாங்கி ஒன்றில் பூட்டப்பட்டிருக்கும். மற்றது துணிப்பையில் அடைத்தது. காக்பிட் அலமாரியிலோ உள்ளறையிலோ வைப்பார்கள். பெட்டி வெயிலையும் உப்புநீரையும் ஓரளவு தாங்கும். பை தாங்காது. பை வகையை மேல்தளத்தில் கட்டிவைப்பது அடிக்கடி காணும் தவறு. ஒரே பருவத்தில் உள்ளே தண்ணீர் இறங்கிவிடும்.

தரத்திலும் வேறுபாடு உண்டு. வணிகக் கப்பல்களுக்கானவை சோலாஸ் என்ற பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு விதிப்படி செய்யப்படுபவை, கனமானவை. பாய்மரப் படகுகளுக்கு வருபவை பெரும்பாலும் 2005-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 9650 தரத்தின்படி செய்தவை. இதில் முதல் வகை திறந்த கடலுக்கு, இரண்டாம் வகை கரையோரத்துக்கு. மும்பை கேட்வேயிலிருந்து எதிர்க்கரை மாண்ட்வா வரை போய்வருபவருக்கும் கோவா வரை போகிறவருக்கும் தேவை ஒன்றல்ல.

செய்ய வேண்டியது:

1. மிதவையின் வெளிப்புற லேபிளைக் கைப்பேசியில் படம் எடுங்கள். தயாரிப்பாளர், வரிசை எண், தயாரித்த மாதம், எத்தனை பேருக்கு, எந்தத் தரம், கடைசி சர்வீஸ், அடுத்த சர்வீஸ் ஆகியவை அதில் இருக்க வேண்டும்.
2. பழைய சர்வீஸ் சான்றிதழ்களைத் தேடி ஸ்கேன் செய்து, பங்குதாரர்கள் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள்.
3. லேபிளும் சான்றிதழும் ஒத்துப்போகின்றனவா என்று வரிசை எண்ணை வைத்துச் சரிபாருங்கள்.
4. படகில் வழக்கமாக எத்தனை பேர் போகிறீர்கள், மிதவை எத்தனை பேருக்கானது என்று ஒப்பிடுங்கள்.

நான்காவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆறு பேர் மிதவையில் நால்வர் உட்கார்ந்தால் வசதி என்று தோன்றும். ஆனால் பெரிய மிதவையில் ஆள் குறைந்தால் உள்ளே எடை போதாது. பலத்த காற்றில் புரளும் வாய்ப்பு கூடும். தேவைக்கு மிகப் பெரியதை வாங்காதீர்கள்.

*குறிப்பு:* சான்றிதழ் இல்லாத பழைய மிதவையை யாராவது மலிவாகத் தந்தால் வாங்க வேண்டாம். நிலையத்தில் திறந்த பிறகு ‘இதைச் சரிசெய்ய முடியாது’ என்று சொல்லிவிட்டால் கொடுத்த பணம் போனதுதான்.

எப்போது அனுப்புவது

சோலாஸ் மிதவைக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் கட்டாயம். உல்லாசப் படகு மிதவைகளுக்குத் தயாரிப்பாளரே இடைவெளியைச் சொல்கிறார்; சிலர் மூன்று ஆண்டு வரை அனுமதிக்கிறார்கள். கொங்கண் கரையின் வெக்கையிலும் ஈரத்திலும் கிடக்கும் மிதவைக்கு அந்த மூன்று ஆண்டை முழுக்க நீட்டுவதை நான் ஏற்கமாட்டேன். ஒட்டுப்பசைக்கு வெப்பமும் ஈரமும் சேர்ந்து வருவதுதான் எதிரி. தயாரித்துப் பத்து ஆண்டு தாண்டிவிட்டால், தயாரிப்பாளர் என்ன சொன்னாலும் ஆண்டுக்கு ஒருமுறை கொடுத்துவிடுங்கள்.

மாதத்தைத் தேர்வதில் பருவமழையே நமக்கு உதவுகிறது. ஜூன் தொடங்கினால் மும்பையில் பாய்மரப் படகுகள் கரையேறிவிடும்; கேட்வே – மாண்ட்வா படகுகளும் நின்றுவிடும். மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலமே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைதான். எப்படியும் கடலுக்குப் போகப் போவதில்லை, அந்த நாட்களில் மிதவை நிலையத்தில் இருக்கட்டும். மே மாதமே நாள் கேட்டு வாங்கிவிடுங்கள். செப்டம்பர் கடைசியில் எல்லோரும் ஒன்றாகக் கேட்டு நிற்பார்கள். அப்போது நீங்கள் நேரில் வருவதற்கு ஏற்ற நாளைத் தரமாட்டார்கள். சென்னையில் படகு வைத்திருப்பவர்கள் இதே வேலையை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள், வைத்துக்கொள்ளலாம்.

நிலையத்தைத் தேர்ந்தெடுப்பது

மும்பை, சென்னை, கொச்சி போன்ற துறைமுக நகரங்களில் சர்வீஸ் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் பெரும்பாலான வேலை வணிகக் கப்பல் மிதவைகள்தான். உங்கள் சிறிய படகு மிதவை அவர்களுக்கு அபூர்வமாக வருவது. ஆகவே இரண்டு அனுமதிகளைக் கேளுங்கள். ஒன்று, இந்தியக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரம். இன்னொன்று, உங்கள் மிதவையின் தயாரிப்பாளர் கொடுத்த அனுமதி. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாவிட்டால், உங்கள் மாதிரிக்கான கையேடும் உதிரி பாகமும் அவர்களிடம் இல்லாமல் போகலாம்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை:

1. இந்தத் தயாரிப்பாளர், இந்த மாதிரி, இந்த ஆண்டு மிதவைக்குக் கையேடு வைத்திருக்கிறீர்களா?
2. சிலிண்டர் தலைப்பகுதிக்கான உதிரிபாகம் கையிருப்பில் உண்டா?
3. அழுத்தச் சோதனைக்கு மிதவையை எவ்வளவு நேரம் ஊதி வைப்பீர்கள்?
4. திறக்கும்போதும் மறுபடி மடிக்கும்போதும் நான் அங்கே இருக்கலாமா?
5. மாற்றிய பழைய பொருள்களை எனக்குக் காட்டுவீர்களா?

நான்காவது கேள்விக்கு ‘அதெல்லாம் வழக்கமில்லை’ என்று பதில் வந்தால் வேறு நிலையம் பாருங்கள். திறக்காமலே தேதி மட்டும் மாற்றி ஸ்டிக்கர் ஒட்டித் தருவது உலகம் முழுக்க இருக்கும் மோசடி. உரிமையாளர் எதிரில் நின்றால் அது நடக்காது.

கராடியிலிருந்து மும்பைக்கு

படகு கரையேறும்போது சிலர் மிதவையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுகிறார்கள். அது தவறில்லை. பால்கனியில் மட்டும் வைக்காதீர்கள். புனே வெயில், சாரல், புறா எச்சம் மூன்றும் அங்கே உண்டு. வீட்டுக்குள் உலர்ந்த அறையில், தரையிலிருந்து சற்று உயர்த்தி, மேலே எதையும் அடுக்காமல் வையுங்கள். சமையல் வாயு சிலிண்டருக்குப் பக்கத்திலும் இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்திலும் வேண்டாம். உள்ளே அபாயச் சைகைக்கான, தீப்பிடிக்கும் ஃப்ளேர்கள் இருக்கின்றன என்பதை வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

காரில் ஏற்றும்போது:

1. இருவராகத் தூக்குங்கள். நான்கு பேர் மிதவையே முப்பது கிலோ அளவுக்கு இருக்கும். பக்கத்துக் கைப்பிடிகளை மட்டும் பிடியுங்கள்.
2. பெயின்டர் என்று படகுக்காரர்கள் சொல்லும் இழுகயிற்றின் நுனி வெளியே தெரியும். அதை ஒருபோதும் பிடித்துத் தூக்காதீர்கள். உள்ளே செருகி, அதன் மூடியை ஒட்டி, அது எந்தப் பெட்டியின் கொக்கியிலும் மாட்டாதபடி பாருங்கள்.
3. தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, இருபுறமும் பட்டை போட்டுக் கட்டுங்கள். கண்டாலா மலைப்பாதை வளைவுகளில் அது உருளக் கூடாது.
4. வழியில் சாப்பிட நிறுத்தினால் நிழலில் நிறுத்துங்கள். மே மாதம் மூடிய காருக்குள் ஏறும் வெப்பத்தில் அழுத்தச் சிலிண்டரை விட்டுப் போகாதீர்கள்.
5. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வேண்டாம். டிக்கியில்தான் வைக்க வேண்டும்.

இரண்டாவதையும் ஐந்தாவதையும் மிகை என்று நினைக்க வேண்டாம். ஓடும் காருக்குள் மிதவை ஊதினால் நிமிடக் கணக்கில் அல்ல, நொடிக் கணக்கில் இடம் முழுவதும் அடைத்துக்கொள்ளும். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கோடு நசுங்குவார். சிலிண்டரிலிருந்து வரும் கரியமிலவாயு மூச்சை அடைக்கும்.

லோகேகாவ் விமான நிலையம் கராடிக்குப் பக்கம்தானே, கோவாவில் படகு இருந்தால் விமானத்தில் கொண்டு போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பயணியின் பெட்டியோடு கொண்டு போக முடியாது. தானாக ஊதும் உயிர்காப்புச் சாதனங்கள் ஐ.நா. பட்டியலில் 2990 என்ற எண்ணின் கீழ் வரும் அபாயகரச் சரக்கு. அதற்குரிய அறிவிப்புடன் சரக்குப் பிரிவில்தான் போகும். ரயிலிலும் பேருந்திலும் ஃப்ளேர்களோடு ஏறக் கூடாது. சொந்தக் காரோ, சரக்கு வண்டிக்காரரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து அனுப்புவதோதான் சரி.

சர்வீஸ் நாள்

காலையிலேயே போய்விடுங்கள். கையில் ஒரு குறிப்பேடு, நல்ல டார்ச், கைப்பேசி. பரிசோதிப்பவரின் வேலைக்குக் குறுக்கே நிற்காமல், கேட்க வேண்டியதைக் கேட்டு, எல்லாவற்றையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். வரிசை பொதுவாக இப்படி இருக்கும்.

1. *திறப்பதற்கு முன்.* பெட்டியில் விரிசல் இருக்கிறதா, அடிப்பக்க வடிகால் துளை அடைத்திருக்கிறதா, இரு பாதிகளையும் சேர்த்துக் கட்டிய பட்டைகள் முழுதாக உள்ளனவா என்று பார்ப்பார். பை வகையானால் அதைச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் சொட்டினால் அப்போதே தெரிந்துவிடும்.

2. *திறக்கும் கணம்.* முதலில் மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. மடிப்புகளில் வெள்ளைப் படிவம், துருக்கறை, ஒட்டிக்கொண்ட துணி ஆகியவற்றைப் படம் எடுங்கள். பிரிக்கும்போது ‘பிசிக்’ என்று ஒட்டிப் பிரியும் இடத்தை விரலால் காட்டி, அங்கே பசை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

3. *சிலிண்டர்.* இதைக் கழற்றி எடை போடுவார்கள். நிரப்பியபோது இருந்த எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். பொறித்த எண்ணையும் தராசு காட்டும் எண்ணையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது கரியமிலவாயு. குளிரில் வால்வு உறைந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் நைட்ரஜன் சேர்த்திருப்பார்கள். நீரழுத்தச் சோதனை கடைசியாக எப்போது செய்தது என்ற தேதியும் சிலிண்டரின் தோளில் பொறித்திருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். தலைப்பகுதியிலும் குழாய் இணைப்பிலும் பச்சைப் பூச்சோ துருவோ இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். துடைத்து விடுவது போதாது.

4. *ஊதி வைக்கும் சோதனை.* ஒவ்வொரு சர்வீஸிலும் உலர்ந்த காற்றை வெளியிலிருந்து செலுத்தி வேலை அழுத்தத்துக்குக் கொண்டு வந்து, குறைந்தது ஒரு மணி நேரம் விட்டு வைப்பார்கள். வெப்பநிலை மாற்றத்தைக் கணக்கில் எடுத்த பிறகு, அழுத்தம் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது. தொடக்க அளவு, முடிந்த அளவு, நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு மணி நேரம் டீ குடிக்கப் போவதற்கானதல்ல. மிதவை முழு உருவில் நிற்கும் நேரம் இது ஒன்றுதான். செருப்பைக் கழற்றிவிட்டு, அனுமதி கேட்டு உள்ளே ஏறுங்கள். பங்குதாரர்கள் வந்திருந்தால் அவர்களையும் ஏற்றுங்கள். கூரையை எப்படி மூடுவது, கத்தி எங்கே செருகியிருக்கிறது, கடல் நங்கூரம் எந்தப் பையில் இருக்கிறது, காற்றுத் துருத்தியை எந்த வால்வில் பொருத்துவது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். நிஜத்தில் இவற்றைத் தேடும் நேரம் பெரும்பாலும் இரவாக இருக்கும்.

5. *தரைத் தையல்.* மிதவையின் குழாயும் தரையும் சேரும் மூட்டை மிதித்தும் தூக்கியும் சோதிப்பார்கள். தரை பிய்ந்தால் மிதவை வெறும் வளையம்தான். எனவே இந்தச் சோதனையைத் தவிர்க்க விடாதீர்கள்.

6. *கூடுதல் அழுத்தச் சோதனை.* பத்து ஆண்டு கடந்த சோலாஸ் மிதவைகளுக்கு ஆண்டுதோறும் இது உண்டு. வால்வுகளை அடைத்து, வழக்கத்தைவிட மிக அதிக அழுத்தத்தில் ஐந்து நிமிடம் நிறுத்துவார்கள். அப்போது நொறுங்கும் சத்தமோ, தையல் நழுவுவதோ இருந்தால் அந்த மிதவை தேறாது. இந்த நேரத்தில் தள்ளி நில்லுங்கள்.

7. *வாயுவால் ஊதும் சோதனை.* இதைப் பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்வார்கள். அந்த முறை வரும்போது கயிற்றை உங்களையே இழுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு நீளக் கயிறு வெளிவருகிறது, கடைசியில் எவ்வளவு பலமாக வெட்டி இழுக்க வேண்டும் என்று கை உணரட்டும். ஊதி முடித்ததும் வால்வு ‘ஸ்ஸ்’ என்று சீறும். ஓட்டை விழுந்துவிட்டது என்று பலர் பயந்து போகிறார்கள். உபரி வாயுவை வெளியேற்றும் இயல்பான சத்தம் அது.

8. *அழுத்தம் விடும் வால்வு.* அது திறக்கும் அழுத்தத்தையும் மறுபடி மூடும் அழுத்தத்தையும் சோதிப்பார்கள். மூடாத வால்வு இரவு முழுக்கக் கசியும்.

9. *உள்ளே இருக்கும் பொருள்கள்.* கீழே தனியாகச் சொல்கிறேன்.

10. *மடிப்பது.* இதற்கும் இருங்கள். மடிப்பு தயாரிப்பாளரின் வரைபடப்படி இருக்க வேண்டும். கூரான பொருள் எதுவும் குழாய்த் துணியைத் தொடாதபடி உறைக்குள் போக வேண்டும். இழுகயிறு சிலிண்டர் தலையில் மாட்டப்பட்டதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் பெட்டியை மூடவிடுங்கள். மற்ற எல்லாம் சரியாக இருந்து இது மட்டும் விடுபட்டால், மிதவை கல்லைப் போலக் கிடக்கும்.

பைக்குள் என்ன

குடிநீர், முதலுதவி, ஃப்ளேர்கள், டார்ச், விசில், கண்ணாடிச் சைகை, துடுப்பு, தண்ணீர் இறைக்கும் வாளி, பஞ்சு, ஓட்டை அடைக்கும் செருகிகள், துருத்தி. எண்ணிக்கை மிதவைக்கு மிதவை மாறும். ஐ.எஸ்.ஓ. தரத்தில் உதவி 24 மணி நேரத்துக்குள் வரும் என்ற கணக்கில் ஒரு தொகுப்பும், அதற்கு மேல் ஆகும் என்ற கணக்கில் இன்னொன்றும் உண்டு. எது உங்களிடம் இருக்கிறது என்று சான்றிதழில் எழுதியிருக்க வேண்டும்.

சர்வீஸ் நாளில் நீங்கள் கொண்டு போனவற்றையும் உள்ளே வைத்து அடைக்கச் சொல்லலாம். இடம் குறைவு, ஆனால் பழைய மூக்குக்கண்ணாடி ஒன்று, தினமும் சாப்பிடும் மருந்தில் சில நாளுக்கானது, கூடுதல் கடல்நோய் மாத்திரை ஆகியவை இடத்தை அடைக்காது. கண்ணாடி இல்லாமல் ஃப்ளேரின் மேல் அச்சிட்ட பொடி எழுத்தைப் படிக்க முடியாதவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். மருந்தின் காலாவதித் தேதி அடுத்த சர்வீஸ் வரை தாங்குமா என்று பாருங்கள்.

ஓட்டை அடைக்கும் செருகிகளைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 1982-இல் அட்லாண்டிக்கில் படகு மூழ்கி, ஒரு மிதவையில் 76 நாள் தனியாக மிதந்து கரிபியன் தீவை அடைந்த ஸ்டீவன் கேலஹனுக்கு, நாற்பதாவது நாள் தாண்டியபோது கீழ்க்குழாய் கிழிந்து, அதை நிலைக்கும்படி அடைக்கப் பத்து நாளைப்போலப் போராட வேண்டியிருந்தது. செருகி ஒன்றைக் கையில் வாங்கி, எப்படித் திருகிப் பொருத்துவது என்று பரிசோதிப்பவரையே காட்டச் சொல்லுங்கள்.

*எச்சரிக்கை:* காலாவதியான ஃப்ளேர்களைத் தீபாவளிக்கு வைத்திருக்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள், காரில் திரும்பக் கொண்டு வராதீர்கள். நிலையத்திலேயே ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

ஈ-பர்ப் எனப்படும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பியை மிதவைக்குள் அடைக்க வேண்டாம். அது தனியாக எடுத்தோடும் அவசரப் பையில், உள்ளறைப் படிக்கட்டுப் பக்கத்தில் இருக்கட்டும். மிதவையில் ஏறாமலே உதவி கேட்க வேண்டியிருக்கலாம். அதைப் பெங்களூரில் இஸ்ரோ நடத்தும் இந்தியக் கட்டுப்பாட்டு மையத்தில் உங்கள் படகின் பெயரில் பதிவு செய்யுங்கள். படகை விற்றாலும் தொலைபேசி எண் மாறினாலும் பதிவைத் திருத்துங்கள். அவசரத் தொடர்பு எண்ணாகக் கராடி வீட்டில் எப்போதும் எடுக்கக்கூடிய ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை அவரையும் மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

மறுபடி படகில் பொருத்துவது

சர்வீஸில் தேறிய மிதவை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். மேல்தளப் பெட்டிகளில் ஹைட்ரோஸ்டாட்டிக் ரிலீஸ் என்ற சிறு கருவி இருக்கும். படகு மூழ்கினால், நான்கு மீட்டர் ஆழத்துக்குள் தண்ணீர் அழுத்தமே அதை வெட்டிவிட்டு மிதவையை மேலே விடும். பரவலாகப் பயன்படும் ஹாமர் எச்20 வகைக்கு ஆயுள் இரண்டே ஆண்டு. அதைச் சர்வீஸ் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

1. புதிய கருவியில் காலாவதி மாதத்தையும் ஆண்டையும் குறித்துவிட்டுப் பொருத்துங்கள். குறிக்காத கருவி பழையதா புதியதா என்று அடுத்த ஆண்டு யாருக்கும் தெரியாது.
2. கருவியின் தடித்த வெள்ளைக் கயிற்றை மேல்தளத்தில் உறுதியான வளையத்தில் ஷேக்கிள் போட்டு மாட்டுங்கள்.
3. மிதவையைப் பிடித்திருக்கும் பட்டையின் கொக்கியை அந்த வெள்ளைக் கயிற்றின் மேல் வளையத்தில் மாட்டுங்கள்.
4. மிதவையின் இழுகயிற்றை, கருவியின் சிவப்புநிற வீக் லிங்க்கில் கட்டுங்கள்.
5. பட்டையைக் கையால் ஒரே இழுப்பில் விடுவிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

நான்காவதில்தான் ஆபத்தான தவறு நடக்கிறது. கயிறு நன்றாக இருக்கட்டும் என்று நினைத்து, இழுகயிற்றை நேராகப் படகின் வளையத்தில் கட்டிவிடுகிறார்கள். படகு மூழ்கும்போது கயிறு இறுகி மிதவை ஊதும். பிறகு அறுந்துகொள்ள வழியில்லாமல் படகோடு கீழே போகும். வீக் லிங்க் என்பது குறிப்பிட்ட இழுவையில் அறுவதற்காகவே மெல்லியதாகச் செய்யப்பட்டது. அதை வலுவாக்காதீர்கள்.

பை வகையிலும் ரிலீஸ் கருவி இல்லாத தாங்கியிலும் இதற்கு நேர்மாறு: இழுகயிற்றின் நுனியைக் கடலுக்குப் புறப்படும் முன்பே உறுதியான இடத்தில் கட்டிவையுங்கள். கட்டாத மிதவையைத் தண்ணீரில் தள்ளினால் காற்று அதை உங்களுக்கு முன்னால் கொண்டுபோய்விடும்.

உலகப் பாய்மரச் சங்கத்தின் தொலைகடல் பந்தய விதிகள், மிதவையை 15 நொடிக்குள் தண்ணீரில் இறக்கவோ, படகின் ஓரக் கம்பிக்குக் கொண்டு வரவோ முடிய வேண்டும் என்கின்றன. நீங்களும் படகு கட்டியிருக்கும்போதே பூட்டு, பட்டை, மேலே போட்ட பாய்ப்பை எல்லாவற்றையும் எடுத்து நேரம் பாருங்கள். பெரும்பாலான படகுகளில் மிதவையின் மேல் ஏதாவது கிடக்கும். திருட்டுக்குப் பயந்து போட்ட பூட்டு இருந்தால், புறப்படும் முன் அதைக் கழற்றுவதைச் சரிபார்ப்புப் பட்டியலின் முதல் வரியாக எழுதுங்கள்.

ஒவ்வொரு வருகையிலும்

இரண்டு நிமிட வேலை. பெட்டியின் முத்திரை அப்படியே இருக்கிறதா, பட்டை தளர்ந்ததா, ரிலீஸ் தேதி கடந்ததா, இழுகயிற்றில் வெயில் பட்டு நூல் பிரிந்ததா, பெட்டியின் மேல் யாரோ உட்கார்ந்து மிதித்த தடம் இருக்கிறதா. மிதவைப் பெட்டி நாற்காலியல்ல என்று விருந்தினர்களிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

இறக்குவது எப்போது, எப்படி

படகு மிதந்துகொண்டிருக்கும்வரை படகிலேயே இருங்கள். 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயப் புயலில் மாலுமிகள் கைவிட்ட 24 படகுகளில் ஐந்துதான் மூழ்கின. மற்ற 19 பிறகு மிதந்த நிலையில் கிடைத்தன. 1998 சிட்னி – ஹோபார்ட் பந்தயத்தில் வின்ஸ்டன் சர்ச்சில் படகு மூழ்க, ஒன்பது பேர் இரண்டு மிதவைகளில் ஏறினர். அலை புரட்டியதில் மூவர் மிதவையிலிருந்து அடித்துச் செல்லப்பட்டு இறந்தனர். நல்ல மிதவையும், மிதந்துகொண்டிருக்கும் கெட்ட படகைவிடப் பாதுகாப்பானதல்ல.

நமக்கு நெருக்கமான நிகழ்வு, அப்போது கடற்படை அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமியுடையது. தனி ஆளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் 2018 செப்டம்பர் 21 அன்று, பெர்த்திலிருந்து சுமார் 1,900 கடல்மைல் தள்ளி, அவருடைய ‘துரியா’ புயலில் பாய்மரம் இழந்தது. முதுகில் பலத்த அடி. எழுந்து நடக்க முடியவில்லை. மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் ஒசிரிஸ் வரும்வரை படகுக்குள்ளேயே படுத்திருந்தார். படகு மிதந்தது, அவர் பிழைத்தார். அந்த நிலையில் முப்பது, நாற்பது கிலோ மிதவையைத் தனியாக யாராலும் தூக்கிப் போட முடியாது. ஆகவே உங்கள் படகில் தலைவர் மட்டுமல்ல, ஏறும் ஒவ்வொருவரும் மிதவையை இறக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. அதே பந்தயத்தின் அடுத்த முறை, 2022 நவம்பரில், பின்லாந்தின் டாபியோ லெஹ்டினெனின் ‘ஆஸ்டீரியா’ தென்னாப்பிரிக்காவுக்குத் தென்கிழக்கே சில நிமிடங்களிலேயே நிரம்பி மூழ்கியது. அவர் உயிர்காப்பு உடையோடு மிதவையில் ஏறினார். ஏறக்குறைய ஒரு நாள் கழித்து சக போட்டியாளர் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் வந்து மீட்டார். படகு நிஜமாகவே போகும்போது யோசிக்க நேரமில்லை. அப்போது வரிசை இது:

1. உயிர்ச்சட்டை, கடல்நோய் மாத்திரை, அவசரச் செய்தி, ஈ-பர்ப்.
2. இழுகயிறு கட்டியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.
3. காற்று மறையும் பக்கமாக, கீழே ஆள் இல்லை என்று பார்த்துத் தண்ணீரில் தள்ள வேண்டும்.
4. கயிறு முழுக்க வரும்வரை இழுத்து, கடைசியில் பலமாக வெட்டி இழுக்க வேண்டும்.
5. பலமானவர் ஒருவர் முதலில், பிறகு மற்றவர்கள். முடிந்தால் நனையாமல் ஏறுங்கள்.
6. கயிற்றை அறுத்து விலகி, கடல் நங்கூரத்தை விட்டு, கூரையை மூடி, தண்ணீரை இறைக்க வேண்டும். பகலில் வெயிலேறினால் குழாய் விறைக்கும், இரவில் தளரும். துருத்தியால் சரிசெய்ய வேண்டும்.

மிதவை கவிழ்ந்து ஊதினால்: சிலிண்டர் இருக்கும் பக்கம் காற்றுக்குக் கீழ்ப்புறமாக வரும்படி திருப்புங்கள். அதன்மேல் குதிகாலை ஊன்றி, அடியில் இருக்கும் பட்டையைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். மிதவை உங்கள் மேல் விழும். பதறாமல் மல்லாந்தபடி வெளியே நீந்தி வாருங்கள்.

ஓய்வுபெற்ற மிதவையை என்ன செய்வது

நிலையம் தேறாது என்று சொன்ன மிதவையை அங்கேயே விட்டுவிடாதீர்கள். சிலிண்டரையும் ஃப்ளேர்களையும் கழற்றி ஒப்படைத்துவிட்டு, வெறும் மிதவையை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். கராடியின் பெரிய குடியிருப்புகள் பலவற்றில் நீச்சல்குளம் இருக்கிறது. குடியிருப்புச் சங்கத்தில் எழுத்தில் அனுமதி வாங்கி, ஆள் குறைந்த காலை நேரத்தில், மின்பம்பால் ஊதி, நீச்சல் தெரிந்த ஒருவரைக் கரையில் நிறுத்திவிட்டுப் பயிற்சி செய்யுங்கள். உயிர்ச்சட்டையை ஊதிய நிலையில் போட்டுக்கொண்டு தண்ணீரிலிருந்து ஏறிப் பாருங்கள். அது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் புரியும். கவிழ்த்து நிமிர்த்துங்கள். வேலை செய்யும் உங்கள் நல்ல மிதவையை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

முடிந்ததும் பழைய மிதவையின் எல்லாப் பக்கமும் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று அழியாத மையால் பெரிதாக எழுதி, பழைய லேபிளை வெட்டி எடுத்துவிடுங்கள். பங்குதாரர் யாராவது ஒரு நாள் அவசரத்தில் அதையே படகில் ஏற்றிவிடும் வாய்ப்பு இருக்கிறது.